தேய்ந்த காசைப் படித்தவர்

உங்க வீட்டுப் பெட்டியில எழுத்து மழுங்கிப்போன காசு ஏதாவது கிடக்குதா? அப்போ ஜேம்ஸ் பிரின்செப்பைத் தெரிஞ்சுக்கோங்க. 1799-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 20 வயசுல கல்கத்தா நாணயச் சாலைக்கு உலோகம் சோதிக்க வந்தார். நம்ம நெய்வேலி லேப்ல பழுப்பு நிலக்கரியை எரிச்சு சாம்பலை எடை போடுற மாதிரி, அவருக்கு நாளெல்லாம் உலையும் தராசும்தான். எடையும் வெள்ளியின் சுத்தமும் காசோட மதிப்பைச் சொல்லிடும். காலத்தை?

வடமேற்கிலிருந்து வந்த காசுகளில் ஒரு பக்கம் கிரேக்கம். மறுபக்கம் அப்போ யாராலும் படிக்க முடியாத கரோஷ்டி. ஒரு காசில் முன்பாதி எழுத்து போயிருக்கும், இன்னொன்றில் பின்பாதி. சார்லஸ் மேசன் கொடுத்த துப்பைப் பிடிச்சு, ஒரே ராஜாவின் பல காசுகளைப் பக்கத்துல வச்சு, கிரேக்கப் பெயரோடு மறுபக்க எழுத்தை ஒவ்வொண்ணாப் பொருத்தினார். ராஜா பேர் தெரிஞ்சா காலம் ஏறக்குறைய பிடிபட்டுடும்.

1837-ல் பிராமியும் வசமாச்சு. சங்ககாலக் காசுல, கீழடி ஓட்டுல இருக்கிற தமிழியை நாம படிக்கிறதுக்கு வழி அங்கிருந்துதான். இத்தனையும் ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்துல! 1838-ல் மூளை நோயோட கப்பல் ஏறினார். 1840-ல் லண்டனில் இறந்தப்போ வயசு 40.