சீமைக்குப் போன துறைமுகக் குமாஸ்தா

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் பெயரை நம் சங்கத்துக் குழந்தைகளும் அறிவர். அவருடைய கணிதத்தைப் பற்றி எழுத, மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட எனக்குத் தகுதி இல்லை. ஆயினும், பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து, பாஷை புரியாத இடத்தில் அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தும் நம் போன்றோர் அறியத்தக்க பகுதி ஒன்று அவர் வாழ்வில் உண்டு. சீமையில் அவர் மாணாக்கராகக் கழித்த ஐந்தாண்டுகளையே இங்கே சொல்லப் புகுந்தேன்.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களை மறந்தமையால் கல்லூரிப் பரீட்சையில் தேறவில்லை. 1912-இல் சென்னைப் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். (குமாஸ்தா உத்தியோகத்தை இளப்பமாக எண்ணுவோர் இதனைக் கவனிப்பார்களாக.) மறு ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் கணித அறிஞருக்குத் தம் தேற்றங்களைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். ஹார்டி வியந்து அவரை அங்கே வருமாறு அழைத்தார். கடல் கடப்பது ஆசாரத்திற்கு விரோதம் என்பது அக்காலத்து வழக்கு; ஆதலால் முதலில் மறுத்தார். பின்னர் நாமகிரித் தாயார் கனவில் உத்தரவளித்ததாகக் கூறி அன்னை கோமளத்தம்மாள் இசைந்தார் என்பர். சென்னைச் சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. அதில் 50 பவுன் குடும்பத்திற்கென ஒதுக்கப்பட்டது. மாதச் சம்பளத்தில் ஊருக்கு மணியார்டர் அனுப்பும் நமக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

கப்பல் ஏறுமுன் குடுமியைக் களைய வேண்டியிருந்தது. அக்கோலத்தைத் தாயும் மனைவியும் காணலாகாதென்று அவ்விருவரையும் முன்னதாகவே கும்பகோணத்திற்கு ரயிலேற்றி விட்டார். மனைவி ஜானகிக்கு அப்போது பதினைந்து வயதும் நிரம்பவில்லை. 1914 மார்ச்சு 17-இல் 'நெவாசா' என்னும் கப்பலில் புறப்பட்டு, ஏப்ரல் 14-இல் இலண்டன் சேர்ந்தார்.

கணிதம் அவருக்கு அங்கே தொல்லை கொடுக்கவில்லை. தொல்லை கொடுத்தவை சோறும் குளிரும் செருப்புமே. சீமைப் பூட்சுகள் காலை வருத்தியமையால் அறையில் வெறுஞ் செருப்போடு நடப்பார். கேம்பிரிட்ஜில் உடன் பயின்றவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். பிற்காலத்தில் கல்கத்தாவில் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர். அவர் ஒருநாள் இராமானுஜனின் அறைக்குச் சென்று, இரவில் குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு உறங்குவதாகவும், அப்படியும் நடுக்கம் விடவில்லை என்றும் இவர் தெரிவித்தார். மகலனோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் பல அங்கே இருந்தன. அவற்றின் ஓரங்களை மெத்தைக்கடியில் இறுகச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் பரப்பியிருந்தார்கள். விரிப்பை விலக்கிக் கம்பளிகளுக்கு உள்ளே புகுந்து படுக்கவேண்டும் என்பதை இவருக்கு ஒருவரும் சொல்லவில்லை! பல நாள் அதன் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். நான் வடக்கே வந்த முதல் மார்கழியில், ரஜாயை விரிப்பென்று நினைத்துக் கீழே போட்டுப் படுத்தவன். ஆகவே இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்லூரிப் பொதுச் சாப்பாட்டில் மாமிசம் உண்டென்று அதை ஒதுக்கி, அறையில் தாமே சமைத்து உண்டார். வந்த நான்காம் மாதத்தில் உலகப் போர் மூண்டது. ஊரிலிருந்து வரவேண்டிய சாமான்களின் வரத்துக் குறைந்தது; நல்ல காய்கறியும் அரிதாயிற்று. ஆராய்ச்சியில் ஆழ்ந்தால் வேளைக்குச் சமைப்பதுமில்லை; உண்டதும் சில நாள் எலுமிச்சஞ்சாறும் உப்பும் பிசைந்த சோறு மாத்திரமே. ஒருமுறை இந்திய நண்பர் ஒருவரையும் அவர் மணக்க இருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்துத் தம் கையாலேயே இரசம் வைத்தார். இரண்டு முறை வாங்கியவர்கள் மூன்றாம் முறை போதுமென்றனர். சிறிது நேரத்தில் அவரைக் காணவில்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து ஐந்து பவுன் அனுப்புமாறு அந்த நண்பருக்குத் தந்தி வந்தது. தாம் பரிமாறியதை ஏற்கவில்லையே என்ற வருத்தத்தில் இரயிலேறிப் போயிருக்கிறார்! பேசிப் பழக ஆளின்றி உள்ளுக்குள்ளேயே வைத்து வைத்து, மனம் அவ்வளவு மெல்லியதாகிவிட்டிருந்தது.

வீட்டுக் கடிதங்களும் நின்றன. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜானகி எழுதியவை கணவரைச் சென்று சேரவில்லை. 1917-இல் நோய் கண்டு மருத்துவ விடுதிகளில் கிடந்தார். க்ஷயம் என்று அன்று எண்ணினர். குடலிலிருந்து ஈரலைப் பற்றிய சீதபேதியாக இருக்கலாம் என்று 1994-இல் ஒரு மருத்துவ அறிஞர் ஆராய்ந்து எழுதினார். 1918 தொடக்கத்தில் இலண்டன் சுரங்க ரயிலின் முன் குதித்துவிட்டார். நிலையத்துக் காவலர் ஒருவர் கண்டு விசையைத் திருப்பியமையால் வண்டி சில அடி தூரத்தில் நின்றது. அந்த ரயில்வே ஊழியரின் பெயர் எந்தச் சரித்திரத்திலும் காணோம். இரயில்வேயில் பணி புரிபவன் என்ற முறையில் அவருக்கு என் வணக்கத்தை இங்கே செலுத்துகிறேன்.

அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவியும் டிரினிடி கல்லூரியின் பெல்லோ பதவியும் அவரை வந்தடைந்தன. 1919 மார்ச்சில் பம்பாயில் கப்பலை விட்டு இறங்கியபோது தாயாரும் தம்பியும் வந்திருந்தனர். ஜானகி எங்கே என்று முதலில் விசாரித்தாராம். பின்னர் ஜானகி வந்து சேர்ந்து, 1920 ஏப்ரல் 26-இல் சென்னைச் சேத்துப்பட்டில் அவர் கண் மூடும் வரை அருகிருந்து சிசுருஷை செய்தார். அப்போது அவருக்கு வயது 32. நீயும் என்னுடன் சீமைக்கு வந்திருந்தால் எனக்கு இந்நோய் வந்திராது என்று படுக்கையில் தம்மிடம் கூறியதாக அவ்வம்மையார் பிற்காலத்தில் தெரிவித்தார். தையல் வேலை செய்து, ஒரு பையனை எடுத்து வளர்த்து, திருவல்லிக்கேணியில் வாழ்ந்த அவர் 1994-இல் காலமானார்.