மெத்தைக் கடை பெட்சி ராஸ்

சோபா குஷன் மாற்ற ஆள் வந்தால் பழைய துணியைப் பிரித்து, பஞ்சைக் கொட்டி, அரைநாள் உங்கள் வீட்டையே கலைத்துவிடுவார் இல்லையா? அந்தத் தொழிலில் வாழ்ந்த ஒரு பெண்மணிதான் இந்த இதழின் பிரமுகர். அமெரிக்கக் கொடியைத் தைத்தவர் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் பெட்சி ராஸ்.

1752 ஜனவரி 1 அன்று ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். 17 பிள்ளைகளில் எட்டாவது. பிலடெல்பியாவில் ஒரு மெத்தைக் கடையில் தொழில் கற்றார். அன்று அந்தக் கடையில் நாற்காலி உறை மட்டுமல்ல, கட்டில் திரை, மெத்தை, கூடாரம், கொடி எல்லாமே தைப்பார்கள். உடன் வேலை கற்ற ஜான் ராஸ் வேறு சபைக்காரர். 1773-ல் வீட்டுக்குத் தெரியாமல் டெலவேர் ஆற்றைத் தாண்டிப் போய் அவரை மணந்தார். குவேக்கர் சபை விலக்கி வைத்தது. 1776 ஜனவரியில் ஜான் இறந்தார். பெட்சிக்கு வயது 24. கடையை மூடவில்லை.

அடுத்து மணந்த ஜோசப் ஆஷ்பர்ன் கப்பல்காரர். கடலில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, 1782-ல் இங்கிலாந்துச் சிறையில் இறந்தார். உடனிருந்த கைதி ஜான் கிளேபூல் ஊர் திரும்பிச் சொன்ன பிறகே பெட்சிக்குத் தெரிந்தது. கடலுக்குப் போனவருக்காகக் காத்திருப்பது என்னவென்று வேம்பார்க்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சேதி கொண்டுவந்த கிளேபூலையே 1783-ல் மணந்தார்.

சரி, கொடி? 1776-ல் வாஷிங்டனே கடைக்கு வந்து முதல் கொடியைத் தைக்கச் சொன்னார் என்பது கதை. அதை ஊரறியச் சொன்னவர் பேரன் வில்லியம் கேன்பி. அதுவும் 1870-ல், பாட்டி இறந்து 34 வருஷம் கழித்து. அந்தக் காலத்துக் காகிதம் எதிலும் சான்றில்லை. கொடியை வடிவமைத்தேன் என்று 1780-ல் காங்கிரஸிடம் கூலி கேட்டவர் பிரான்சிஸ் ஹாப்கின்சன் என்பவர். ஆனால் 1777 மே மாதம் பென்சில்வேனியாவின் கப்பல் கொடிகளுக்காக பெட்சிக்குப் பணம் கொடுத்த கணக்கு இருக்கிறது. எங்களைக் கேட்டால், வாஷிங்டன் கதையைவிட இந்தக் கணக்குதான் அவருக்குப் பெருமை.

1810-ல் நியூ ஆர்லியன்ஸுக்காக ஆறு கொடிகள் தைத்தார். ஒவ்வொன்றும் 18-க்கு 24 அடி! நம் வீட்டு ஹாலில் விரித்தால் சமையலறை வரை போகும். 1817-ல் கிளேபூலும் இறந்தார். கடையில் கைகொடுத்த மகள் கிளாரிசாவிடம் பிறகு தொழில் போனது. கடைசி வருஷங்களில் பெட்சிக்குக் கண் தெரியவில்லை. 1836 ஜனவரி 30 அன்று, 84-வது வயதில், பிலடெல்பியாவிலேயே காலமானார்.