வடகடல் கண்ட நான்ஸன்

உலகிற் பிறந்து மறைந்தோர் எண்ணிறந்தோர். அவருள் ஒரு சிலரே தாம் நடந்த வழியைப் பின்வருவார்க்கும் வழியாக விட்டுச் செல்கின்றனர். அத்தகையார் ஒருவர்தம் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் நார்வே தேசத்தவராகிய பிரிட்யோப் நான்ஸன் என்பார்.

நொய்யலாற்றங்கரையில் பருத்தியும் நூலும் பின்னலாடையுமாக வாழும் திருப்பூர் வட்டாரத்தினராகிய நாம், பனியனை அறிந்த அளவு பனியை அறியோம். மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் துளியே நமக்குப் பனி. கடல் முழுதும் உறைந்து பாறையாகி, அப்பாறையும் ஓரிடத்து நில்லாது ஊர்ந்து செல்லும் காட்சி நம் கண்ணுக்கு எட்டாதது. எனினும் நான்ஸன் வாழ்க்கையில் நமக்கும் உரிய பாடம் ஒன்று உண்டு. அதனை இறுதியிற் கூறுவோம்.

இளமை

நான்ஸன் 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், நார்வேயின் தலைநகருக்கு அணித்தாகிய ஓர் ஊரிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், நேர்மைக்கும் கண்டிப்புக்கும் பேர்பெற்றவர். தாயார் பனிமேற் சறுக்கி ஓடும் விளையாட்டில் வல்லவர். காடும் மலையும் அருகிருந்தமையால், சிறுவர் நான்ஸன் நாட்கணக்கில் தனித்துத் திரிந்து, கிடைத்ததை உண்டு, கிடைத்த இடத்து உறங்கிப் பழகினார். பிற்காலத்து அவரைக் காத்தது இப்பழக்கமே.

பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்ற அவர், 1882இல் வைக்கிங் என்னும் வேட்டைக் கப்பலில் ஏறி வடகடல் சென்றார். கிரீன்லாந்தின் கீழ்க்கரைக்கு அப்பால் அக்கப்பல் பனியிற் சிக்கிச் சில வாரம் அசைவற்று நின்றது. மற்றையோர் சலித்திருக்க, இருபது வயது இளைஞராகிய அவர் பனியின்மேற் கிடந்த மரத்துண்டுகளையும் மண்ணையும் ஆராய்ந்திருந்தார். மரமே முளையாத அவ்விடத்து மரம் வந்தது எவ்வாறு? இவ்வினா அவர் உள்ளத்தில் விதையாக விழுந்தது. அவ்வாண்டே பெர்கன் நகரக் காட்சிசாலையில் அலுவல் பெற்று, நரம்பு மண்டலத்தைப் பற்றி ஆராய்ந்து, 1888இல் டாக்டர் பட்டம் எய்தினார்.

கிரீன்லாந்தைக் கடந்தமை

பட்டம் பெற்ற சின்னாட்களிலேயே, ஐவர் துணையுடன் கிரீன்லாந்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டார். மக்கள் குடியிருந்தது பெரும்பாலும் மேல்கரையில். அங்கிருந்து தொடங்கினால் இடர்வந்த காலத்துத் திரும்புதல் எளிது. ஆதலால் அவர் ஆளரவமற்ற கீழ்க்கரையிலிருந்தே தொடங்கினார். முன்னே செல்வதன்றிப் பின்னே வழியில்லை.

1888ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் கப்பலைவிட்டுப் படகுகளில் இறங்கினர். கரை கண்ணெதிரே தோன்றிற்று. ஆயினும் பனிப்பாளங்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டு, பன்னிரண்டு நாட்கள் தெற்கு நோக்கி இழுத்துச் சென்றன. ஏறத்தாழ 380 கிலோமீட்டர் தூரம் அவர்கள் விருப்பமின்றியே பயணம் செய்தனர். மிதக்கும் பனியின் வலிமையை நூலிற் படித்தறியாது உடலால் உணர்ந்தறிந்த நாட்கள் அவை. பின்னர்க் கரையேறி, வடக்கே படகைச் செலுத்தி, ஆகஸ்டு 15ஆம் நாள் பனிமேட்டில் ஏறத் தொடங்கி, 2,700 மீட்டர் உயரத்தைத் தாண்டி, அக்டோபர் 3ஆம் நாள் மேல்கரையின் காட்ஹாப் என்னும் ஊரை அடைந்தனர்.

கடற்பனி வேறு, பனிமலை வேறு என்பதை அன்பர்கள் இவ்விடத்து அறிதல் வேண்டும். கடல்நீர் மேற்பரப்பில் உறைவதாலாவது கடற்பனி. அது சில முழக் கனமுள்ள பாளமாகப் பரந்து கிடப்பது. பனிமலையோ நிலத்திற் பிறப்பது. ஆயிரக்கணக்கான ஆண்டு பெய்த பனி கட்டியாக இறுகி, தன் பாரத்தாலேயே மெல்ல வழிந்து, கடலோரம் வந்ததும் உடைந்து மிதக்கின்றது. நான்ஸன் கடந்த பனிமேடு அத்தகைய மலைகளின் தாயகம்.

ஒரு காற்சட்டை கூறிய செய்தி

1881ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சைபீரியாவுக்கு வடக்கே, ஜீனெட் என்னும் அமெரிக்கக் கப்பல் பனியால் நெருக்குண்டு நொறுங்கி மூழ்கிற்று. மூன்றாண்டு கழிந்து, 1884இல், அதன் பொருள்கள் சில கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையிற் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் மாலுமி ஒருவன் பெயர் பொறித்த எண்ணெய்த்துணிக் காற்சட்டையும் ஒன்று. ஆடை நெய்து வாழும் நாம் இதனை வியந்து நோக்குதல் தகும். எந்த நூலும் எழுதாத செய்தியை ஒரு பழந்துணி எழுதிக் காட்டிற்று. வடகடலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓயாது செல்லும் ஓட்டம் ஒன்று உண்டென்பதே அச்செய்தி.

நார்வேயின் பேராசிரியர் மோன் இதனைப் பத்திரிகையில் எடுத்துரைத்தார். அதைப் படித்த நான்ஸனுக்குத் தாம் கண்ட மரத்துண்டுகள் நினைவுக்கு வந்தன. அவையும் சைபீரியக் காடுகளின் மரங்களே. காற்சட்டை செல்லும் வழியிற் கப்பல் செல்லலாகாதோ என எண்ணினார். பனியை எதிர்த்த கப்பல்கள் பல பனியால் அழிந்தன. பனிக்கே தன்னை ஒப்புவிக்கும் கப்பல் ஒன்றைச் செய்து, வேண்டுமென்றே உறையவிட்டு, ஓட்டம் கொண்டு செல்லும் வழியே செல்வது என்று துணிந்தார். 1892இல் லண்டன் பூகோளச் சங்கத்தில் இத்திட்டத்தை விளக்கியபோது, வடகடலில் நரைத்த தளபதிகள் பலர் இஃது இயலாதென்றனர். அவர் மனம் தளரவில்லை.

பிராம் கப்பல்

காலின் ஆர்ச்சர் என்னும் தச்சுவல்லார் அக்கப்பலைக் கட்டினார். அதன் அடிப்பாகம் தேங்காய் மூடிபோல் உருண்டது. பனி நெருக்குங்கால் பிடிகொடாது வழுக்கி மேலெழும்பும். முன்னேறு என்னும் பொருள்பட அதற்குப் பிராம் எனப் பெயரிட்டனர். 1893 ஜூன் 24ஆம் நாள் புறப்பட்டு, பதின்மூவரைச் சுமந்து, செப்டம்பர் மாதம் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் உறைந்தது.

முதலில் நேர்ந்தது ஏமாற்றமே. நவம்பர் மாதத்தில் அளந்து பார்க்கையில், கப்பல் தொடங்கிய இடத்திற்கும் தெற்கே சென்றிருந்தது. முன்னும் பின்னுமாக அலைந்து, மெல்ல மெல்லவே வடமேற்கு நோக்கி நகர்ந்தது. இருள் சூழ்ந்த மாதங்களிற் காற்றாடி சுழற்றிய மின்விளக்கின் கீழ் அவர்கள் நாள்தோறும் காற்றையும் வெப்பத்தையும் கடலின் ஆழத்தையும் குறித்துவந்தனர்.

அந்த ஆழத்தை அளக்கப் புகுந்தபோது கயிறு போதவில்லை. வடகடல் ஆழங்குறைந்தது என்றே அக்காலத்தோர் கருதியிருந்தனர். கயிறோ எத்துணை விட்டும் தரை தட்டவில்லை. அவர்கள் செய்தது யாது? கப்பலின் எஃகு வடம் ஒன்றைப் புரிபுரியாகப் பிரித்து, அக்கம்பிகளைக் கடுங்குளிரிற் பனிமேல் நின்று மீண்டும் முறுக்கி, 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட கயிறு திரித்தனர். புரி பிரித்தலும் முறுக்கேற்றலும் இன்னவென்று நம் ஊரார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. அக்கயிறு கொண்டு அளந்ததில், வடகடல் 3,000 மீட்டருக்கும் மிக்க ஆழமுடையதென்பது உலகிற்கு முதன்முதலாகத் தெரிந்தது.

மற்றொன்றையும் நான்ஸன் நுணுகிக் கண்டார். பனி காற்றடிக்கும் திசையிலேயே செல்லவில்லை; அதற்கு வலப்புறமாக 20 முதல் 40 பாகை வரை விலகியே சென்றது. பூமி சுழல்வதே இதற்குக் காரணமென அவர் உணர்ந்தார்.

கப்பல் துருவத்தை அடையாது என்பது தெளிவாகவே, 1895 மார்ச் 14ஆம் நாள், யோஹான்ஸன் என்பாரை மட்டும் உடன்கொண்டு, நாய் பூட்டிய சறுக்குவண்டிகளுடன் வடக்கே நடந்தார். கப்பலை ஸ்வெர்ட்ரூப் என்னும் தோழரிடம் ஒப்புவித்தார். பெயர்ந்து செல்லும் பனியில் நிற்கும் கப்பலை மீளக் கண்டுபிடித்தல் இயலாது. ஆகலின் அது திரும்பவியலாப் பயணம். ஏப்ரலில் 86 பாகை 14 கலை வரை சென்றனர். அதுவரை மாந்தர் எவரும் அத்துணை வடக்கே சென்றதில்லை. பனி மேடும் பள்ளமுமாகிக் கடக்கவொண்ணாமையால் திரும்பினர். நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்றவற்றிற்கு உணவாக்க நேர்ந்தது; அத்துயரம் அவரை நெடுநாள் வருத்திற்று. ஆளில்லாத் தீவொன்றிற் கல்லடுக்கிக் குடில் கட்டி, வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் தோலாற் கூரை வேய்ந்து, கரடி இறைச்சி உண்டு ஒரு குளிர்காலம் முழுதும் கிடந்தனர். 1896 ஜூனில் அத்தீவுக் கூட்டத்தில் ஆராய்ந்திருந்த ஜாக்ஸன் என்னும் ஆங்கிலேயரைத் தற்செயலாகச் சந்தித்து உயிர் தப்பினர்.

ஆகஸ்டு 13ஆம் நாள் நான்ஸன் நார்வேக் கரையில் இறங்கினார். அதே நாளில், ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வடக்கே, பிராம் பனியினின்றும் விடுபட்டுத் திறந்த கடலிற் புகுந்தது. ஏறத்தாழ மூன்றாண்டு கழிந்தும் பதின்மூவருள் ஒருவரும் இறந்திலர்.

கண்ட உண்மையின் பயன்

தாம் குறித்துவந்த காற்றின் கணக்கை நான்ஸன் பேராசிரியர் பியர்க்னெஸிடம் எடுத்துரைக்க, அவர்தம் மாணவராகிய எக்மன் அதனைக் கணிதமாக்கி, 1905இல் விரித்து எழுதினார். காற்று மேல்நீரைத் தள்ளுகின்றது. மேல்நீர் கீழ்நீரை இழுக்கின்றது. ஒவ்வோர் அடுக்கும் மேலும் சற்றே திரும்புகின்றது. வடபாதி உலகில் வலப்புறமும் தென்பாதியில் இடப்புறமும் இத்திருப்பம் நிகழும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திற் கேரளக் கரையோரம் அடிநீர் மேலெழுந்து மீன்வளம் பெருகுவதற்கும் இவ்விதியே ஒரு காரணம். வடகடலிற் கற்ற பாடம் நம் கடலிலும் பயன்படுகின்றது.

பனிமலையின் போக்கைக் கணிக்கவும் இதுவே அடிப்படை. பனிமலையிற் பத்தில் ஒன்பது பங்கு நீருள் மறைந்திருப்பதால், காற்றினும் நீரோட்டமே அதனை மிகுதியும் ஆள்கின்றது. கிரீன்லாந்தினின்று உடைந்தவை லாப்ரடார் ஓட்டத்தின் வழியே தெற்கே வருகின்றன. அவற்றுள் ஒன்றே 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பலை மாய்த்து, ஏறத்தாழ 1,500 பேரைக் கடலிற் கிடத்தியது. அதன்பின் 1914 முதல் பன்னாட்டுக் காவல் ஒன்று பனிமலைகளைக் கண்காணித்து வருகின்றது. தென்துருவத்தில் 1986இல் உடைந்த பெரும்பனிமலை ஒன்று முப்பதாண்டுக்கு மேல் தரைதட்டி நின்று, 2020இல் நகரத் தொடங்கியதை விண்ணிலிருந்து செயற்கைக் கோள்கள் கண்டன. 2019ஆம் ஆண்டு போலார்ஸ்டெர்ன் என்னும் ஜெர்மானியக் கப்பல், பிராம் போலவே தன்னைப் பனியில் உறையவிட்டு மிதந்தது. ஆயின் பிராம் கண்ட கனத்த பனி இன்று பெரிதும் மெலிந்துவிட்டது; அதன் ஓட்டமும் விரைந்துவிட்டது.

மிதந்து வந்த மாந்தர்

நான்ஸன் ஆராய்ச்சியோடு அமைந்தாரல்லர். முதற் பெரும்போர் முடிந்தபின், 1920இல், சர்வதேச சங்கத்தார் வேண்ட, அந்நிய நாடுகளிற் சிறைப்பட்டுக் கிடந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட போர்வீரரைத் தத்தம் இல்லம் சேர்ப்பித்தார். 1921இல் ரஷ்ய தேசத்தைக் கொடும்பஞ்சம் பற்றியபோது, அரசுகள் பொருளுதவ மறுத்தன. அவர் ஊரூராகச் சென்று பேசி, நிதி திரட்டி உணவளித்தார். நாடிழந்து, எந்த அரசும் தம்மவர் என ஏற்காத மாந்தர் லட்சக்கணக்கினர் எல்லைகளில் தடுக்கப்பட்டு நின்றனர். அவர்களுக்காக 1922இல் ஒரு சான்றிதழ் ஏற்பாடு செய்தார். நான்ஸன் கடவுச்சீட்டு எனப் பெயர்பெற்ற அதனைப் பின்னர் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் ஏற்றன. அவ்வாண்டே சமாதானத்துக்குரிய நோபல் பரிசு அவரை அடைந்தது. அப்பணத்தையும் துயர் துடைக்கவே செலவிட்டார். 1930 மே 13ஆம் நாள் தம் இல்லத்தில் உயிர்நீத்தார்.

நாடற்ற நிலை தமிழர்க்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கை மலைநாட்டுத் தோட்டத் தமிழர் லட்சக்கணக்கினர் குடியுரிமை இழந்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் அவருட் பலர் இந்நாடு வந்து, நம் வட்டாரத்துக்கு அயலாகிய நீலகிரியிற் குடியேறினர். 1983க்குப் பின் போரினின்று தப்பி வந்தோர் வேறு. அவர்களை நினைக்குங்கால், ஒரு தாள் ஒருவனுக்கு நிலமாகவும் கூரையாகவும் ஆகும் என்பது விளங்கும்.

இனி, தொடக்கத்தில் நாம் குறித்த பாடத்தைக் கூறுவோம். மிதப்பது எதுவாயினும் அதன் வழியை முதலில் பொறுமையுடன் அறிதல் வேண்டும். அறிந்தபின் அதனோடு தானும் சென்று துணைநிற்றல் வேண்டும். பனிக்கு இதனைச் செய்த நான்ஸன் மாந்தர்க்கும் செய்தார். வேலை தேடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூர் நிலையத்தில் இறங்குவோர் நாடற்றவரல்லர், நம் நாட்டினரே. ஆயினும் மொழியறியாது, முகவரியின்றி, கையில் ஒரு மூட்டையுடன் அவர்கள் நிற்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவர்களை இங்குக் கொணர்ந்த ஓட்டம் யாது என வினவுதல் கல்வி. அவர்களுக்கு வழிகாட்ட ஓரடி எடுத்துவைத்தல் அக்கல்வியின் பயன். நான்ஸனைக் கற்ற மாணவர் இவ்விரண்டையும் செய்வாராக.