மைக்கல் பரடே (1791–1867)

மைக்கல் பரடே இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். வறுமையால் இவரது பள்ளிப் படிப்பு வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் என்பவற்றோடு நின்றது. 14 வயதில் இலண்டனில் புத்தகம் கட்டுபவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். கட்ட வந்த நூல்களை வாசித்தார்; வாசித்ததைச் செய்தும் பார்த்தார். 1812இல் ஏழு செம்பு நாணயங்களையும் ஏழு நாகத் தகடுகளையும், இடையிடையே உப்புநீரில் நனைத்த கடதாசி வைத்து அடுக்கி, மின்கலவடுக்கு ஒன்றை அமைத்தார். இதற்கு ஆய்வுகூடம் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதே ஆண்டில் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளைத் தாமே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். 1813இல் ரோயல் நிறுவனத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது.

1831 ஒக்டோபர் 17இல் கம்பிச்சுருளினுள் காந்தத்தைச் செலுத்தியபோது கல்வனோமானியின் காட்டி அசைந்தது. காந்தம் அசையாதிருக்கையில் காட்டியும் அசையவில்லை. இதுவே மின்காந்தத் தூண்டல். (விடையில் காந்தத்தின் இயக்கத்தைக் குறிப்பிடப் பலர் மறந்துவிடுகின்றனர்.) 1990களில் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோர் பயன்படுத்தியதும் இத்தத்துவமே.

ரோயல் நிறுவனத்தில் சிறுவர்களுக்காக நடைபெற்ற நத்தார் விரிவுரைகளில் 19 தொடர்களைப் பரடே நிகழ்த்தினார். ஒரு மெழுகுதிரியைக் கொண்டே இரசாயனவியலை விளக்கினார். திரியை ஊதி அணைத்ததும் எழும் புகையில் ஒரு சுவாலையைப் பிடித்தார். சுவாலை புகைவழியே இறங்கித் திரியை மீண்டும் பற்றியது. எரிவது மெழுகின் ஆவி என்பது சிறுவர்களுக்கு உடனே விளங்கியது.