ஏளனத்தை வென்ற ஒளி: தாமஸ் யங்

இப்னுல் ஹைதம் வளர்த்த ஒளியியலைப் பின்னாளில் செழிக்கச் செய்தோருள் தாமஸ் யங்கை நாம் நினைவுகூர்கிறோம். 1773இல் இங்கிலாந்தின் மில்வர்ட்டனில் பிறந்த அவர், இளமையிலேயே அரபு, பாரசீகம் உள்ளிட்ட பன்மொழிகளைப் பயின்றார், மருத்துவரானார். இருவழியில் வரும் ஒளி அலைகள் கூடுமிடத்துச் சில இடம் ஒளிர்வதும் சில இடம் இருள்வதுமாகிய குறுக்கீட்டு விளைவை 1801 முதல் எடுத்துரைத்தார். ஒளி துகளே என்னும் நியூட்டனின் கொள்கையில் ஊறியோர் அவரை எள்ளி நகையாடினர். பின்னர் பிரான்சு நாட்டு ஃபிரெனெலின் ஆய்வுகள் அவர் கூற்றை நிலைநாட்டின. 1829இல் அவர் மறைந்தார். இன்று குவாண்டம் வலையமைப்பு காண முயல்வோரும் அக்குறுக்கீட்டையே நாடுகின்றனர். வெவ்வேறு படிகங்கள் உமிழும் தனித்தனி ஃபோட்டான்கள் நிறத்தாலும் சேரும் காலத்தாலும் ஒத்திருந்தாலன்றி அது தெளிவுறாது. அவ்வொற்றுமையைப் பெறுவதே அவர்தம் அரும்பாடு. ஏளனத்திற்கு அஞ்சாது உண்மை தேடிய யங்கின் உறுதி நம் மாணவர்க்கும் வாய்ப்பதாக!