டாக்டர் கிறீன்

பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள குப்பமொன்றிற் பிறந்தவன் யான். ஆங்குள்ள பரதவர் புயலுக்கும் அலைக்கும் அஞ்சார்; ஆயின், மலத்தோடு குருதி போவதைப் பிறரிடம் சொல்ல நாணுவர். என் பாட்டனார் அந்நோயை ஈராண்டு மறைத்து, முற்றிய பின்னரே மருத்துவரிடம் உரைத்தார், காலம் கடந்துவிட்டது. கூசாது எடுத்துரைத்தற்குரிய சொல் அவரிடம் இல்லாமையும் அதற்கொரு காரணமென இன்று எண்ணுகிறேன். உடலுறுப்புக்களையும் நோய்களையும் பற்றித் தமிழிலேயே கற்க வழி செய்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு வுஸ்டர் நகரிற் பிறந்தார். மருத்துவம் கற்றுத் தேறி, 1847-இல் மிஷன் மருத்துவராய் யாழ்ப்பாணம் போந்தார். மறுவருடம் முதல் மானிப்பாயில் நோயாளரைப் பேணுவதோடு, மாணாக்கர்க்கு மேனாட்டு மருத்துவமும் புகட்டலானார். முதற்கண் ஆங்கிலத்தில் நிகழ்ந்த போதனையை 1864 முதல் தமிழில் நடத்தினார். ஆங்கிலத்திற் கற்றவர் பட்டணத்து உத்தியோகத்தை நாடிச் செல்வர்; தமிழிற் கற்றவரோ தம் ஊரிலேயே தங்கி ஊராரின் நோய் தீர்ப்பர் என்பது அவர் கருத்து. அவரிடம் பயின்றோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

நூலின்றிப் பாடம் நடவாதாகலின், மாணாக்கர் துணையுடன் மொழிபெயர்ப்பு வேலையில் இறங்கினார். கிரே என்பாரின் உடற்கூற்று நூல் 1872-இல் மனுஷ அங்காதிபாதம் எனவும், டால்ட்டனின் உடலியல் நூல் 1883-இல் மனுஷ சுகரணம் எனவும் வெளிவந்தன. அவர் முயற்சியால் எழுந்த தமிழ் நூல்கள் 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டன.

இத்தகைய அறிவு எத்துணைப் பயனுடைத்து என்பதற்குப் பெருங்குடல் ஒன்றே சான்றாகும். ஏறக்குறைய 5 அடி நீளமுள்ள இக்குழாய், சிறுகுடல் நாடோறும் அனுப்பும் 1½ லிட்டர் அளவான நீர்மத்தினின்று நீரையும் உப்பையும் உறிஞ்சி, எஞ்சியதைக் கெட்டியாக்கி மலக்குடலுக்குத் தள்ளுகிறது. மலக்குடல் விரியவே நரம்பு வழியாக உணர்ச்சி பிறக்கின்றது. அதனைப் பலகால் அடக்கின் மலம் வறண்டு சிக்கலாம். வருந்தி முக்கவே, நாளங்கள் புடைத்து மூலமாதலும் உண்டு. தூய்மையற்ற நீர்வழிக் கிருமி புகின், உட்சவ்வு புண்ணாகிச் சீதமும் குருதியும் போகும். புற்று தோன்றினும் குருதியே அறிகுறியாகலாம். தொடக்கத்திலேயே கண்டறியின் அறுவை மருத்துவத்தால் அதனை நீக்கல் கூடும். ஆதலின், குருதி கண்டவர் மூலமென்று தாமே முடிவு செய்து வாளா இருத்தல் தகாது.

கிறீன் 1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியை விட்டாரல்லர். 1884-இல் உயிர் நீத்தார். தமிழர்க்கு மருத்துவ ஊழியராயிருந்தமையையே தம் கல்லறையிற் பொறிக்க வேண்டினார்.

நண்பர்காள்! அயல்நாட்டார் ஒருவர் இத்துணை உழைத்து வழிகாட்டிய மொழியில், நம் வீட்டுப் பெரியோரிடம் ஒரு வினா வினவ நாம் கூசுதல் முறையோ? அடுத்த விடுமுறையில் ஊர் செல்லுங்கால் அதனை வினவுவோமாக. என் பாட்டனாரை அன்று ஒருவரும் வினவினாரில்லை.