ஹுவான் மானுவேல் ஃபாங்கியோ

ஹுவான் மானுவேல் ஃபாங்கியோ (ஜூன் 24, 1911 - ஜூலை 17, 1995) அர்ஜென்டினாவைச் சேர்ந்த தானுந்துப் பந்தய வீரர் ஆவார். பார்முலா 1 உலகப் பட்டத்தை 1951, 1954, 1955, 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் வென்றவர். ஐந்து பட்டங்கள் என்ற இச்சாதனையை 2003இல் மைக்கேல் ஷூமாக்கரே முறியடித்தார். வேகத்தை மட்டுமன்றி, வண்டி சுமக்கும் எரிபொருளின் எடையையும் டயரின் தேய்மானத்தையும் கணக்கிட்டு ஓட்டியவர் என்பதும் இவரது சிறப்பாகும்.

வாழ்க்கை

பால்கார்சே என்ற சிற்றூரில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே வண்டி பழுதுபார்க்கும் பணிமனையில் வேலைக்குச் சேர்ந்தார். ஐரோப்பியப் பந்தயங்களில் இவர் புகழ்பெறத் தொடங்கியபோது வயது 38ஐ நெருங்கியிருந்தது.

1951இல் இவர் ஓட்டிய ஆல்ஃபா ரோமியோ 159 வண்டியின் சூப்பர்சார்ஜர் பொருத்திய 1.5 லிட்டர் எந்திரம், ஒரு லிட்டர் எரிபொருளில் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாது. பிரித்தானியப் பந்தயத்தில் இவர் இருமுறை நின்று எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது. ஒருமுறை மட்டுமே நின்ற ஃபெராரி வீரர் கொன்சாலெஸ் வென்றார். அவ்வாண்டின் இறுதிப் பந்தயம் பார்சிலோனாவில் நடைபெற்றது. அங்கு ஃபெராரி அணி சிறிய சக்கரங்களைத் தேர்ந்தெடுத்ததால் அதன் டயர்கள் விரைவில் சிதைந்தன. ஃபாங்கியோ வென்று தமது முதல் பட்டத்தைப் பெற்றார்.

1952இல் மொன்சாவில் நேர்ந்த விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து அவ்வாண்டின் எஞ்சிய பந்தயங்களை இழந்தார்.

1957 ஜெர்மானியப் பந்தயம்

ஆகஸ்ட் 4, 1957 அன்று நூர்பர்கிரிங்கில் நடைபெற்ற இப்பந்தயம் 22 சுற்றுகளைக் கொண்டது. ஒரு சுற்று ஏறத்தாழ 22.8 கி.மீ. ஃபெராரியின் ஹாதார்ன், காலின்ஸ் இருவரும் முழுத் தொட்டியுடனும் கடினமான டயர்களுடனும் நிற்காமலே ஓடத் திட்டமிட்டனர். மசெராட்டியின் மென்மையான டயர்கள் அவ்வளவு தூரம் தாங்கா. எப்படியும் ஒருமுறை நின்றாக வேண்டும் என்றால் முழுத் தொட்டியைச் சுமப்பானேன்? ஃபாங்கியோ ஏறத்தாழ அரைத் தொட்டியுடன் புறப்பட்டார். எடை குறைந்தால் வளைவுகளில் வேகம் கூடும், டயரும் குறைவாகத் தேயும்.

12ஆம் சுற்றின் முடிவில் ஏறக்குறைய அரை நிமிட முன்னிலையுடன் நிறுத்தினார். கணக்கின்படி அது போதுமானதே. ஆனால் சக்கரம் மாற்றுகையில் மரை ஒன்று வண்டிக்கு அடியில் உருண்டு சென்றுவிட, நேரம் வீணானது. மீண்டும் புறப்பட்டபோது ஏறத்தாழ முக்கால் நிமிடம் பின்தங்கி மூன்றாம் இடத்தில் இருந்தார். புதிய டயர்கள் பழகும் வரை இடைவெளி குறையவில்லை. பின்னர் சுற்றுக்குச் சுற்று சாதனையை முறியடித்தார். தகுதிச் சுற்றில் இவரது மிகச்சிறந்த நேரம் 9 நிமிடம் 25.6 விநாடி, 20ஆம் சுற்றிலோ 9 நிமிடம் 17.4 விநாடி! அடுத்த சுற்றில் இரு ஃபெராரிகளையும் முந்தி, 3.6 விநாடி வேறுபாட்டில் வென்றார். அப்போது இவருக்கு வயது 46. பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புதல் 2010 முதல் தடைசெய்யப்பட்டுள்ளதால், இன்று இத்திட்டத்தை அப்படியே பின்பற்ற இயலாது.

பிற்காலம்

இதுவே இவரது 24ஆவது வெற்றியும் இறுதி வெற்றியும் ஆகும். மொத்தம் ஓட்டிய உலகப் பட்டப் பந்தயங்கள் 51 மட்டுமே. 1958 பெப்ரவரியில் கியூபப் புரட்சியாளர்கள் இவரைக் கடத்திச் சென்று, தீங்கின்றி விடுவித்தனர். அவ்வாண்டே ஓய்வு பெற்றார். இவர் பெயரிலான அருங்காட்சியகம் 1986இல் பால்கார்சேயில் திறக்கப்பட்டது.